மழைமானிக்குள் ஒரு குடம் தண்ணீர்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. செயற்கைக்கோள் எடுத்த வெள்ளப் படம் ஒன்றைச் செய்தித்தாளில் பார்த்தேன். கால் நனையாமல் ஒரு மாவட்டத்தையே பார்த்துவிடுகிறது. நானோ மத்திகிரி வாடகை வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு பெண்ணின் மனசைப் பார்க்கத் திண்டாடுகிறேன்.

அவள் பெயர் நாராயணம்மா. வருடம் 1991. தென்பெண்ணை ஆறு கரைபுரண்டு— (வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

2

கிருஷ்ணகிரியிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரிகள் ஆற்றோரம் ஒரு மழைமானி வைத்தார்கள். மழையை அளந்து அதுவே செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிடும். வெள்ளம் வருமென்றால் ஊருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வரும். வைத்தது நாராயணம்மாவின் கொல்லையில் அல்ல, அவள் கொழுந்தன் மனைவி பாப்பம்மாவின் கொல்லையில். அதிகாரிகள் மோர் குடித்ததும் அங்கேதான்.

“எங்கூட்டு மிஷினு வானத்தோட பேசுதுக்கா!”

“பேசும், பேசும். உன்னப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கும்.”

நாராயணம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளே பற்றி எரிந்தது. அன்று சோறு இறங்கவில்லை.

3

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், யாரும் இல்லாதபோது, மழைமானிக்குள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள். சாயங்காலம் மைக் கட்டிய ஜீப் வந்து ஊரையே மேடேறச் சொன்னது. (ஒரே ஒரு மானியை நம்பி ஊரைக் கிளப்புவார்களா? மாட்டார்கள். என் கதையில் கிளப்புவார்கள்.) ஆடுமாடோடு ஏறினார்கள், ஒரு சொட்டு விழவில்லை.

“உம் மிஷினு நல்லா பேசுச்சு, போ!” என்று பாப்பம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். நாராயணம்மா அன்று இரண்டு உருண்டை களி சாப்பிட்டாள்.

இவளை இவ்வளவு கெட்டவளாக்க வேண்டுமா என்று அந்த வரியை அடித்துப் பார்த்தேன். கதை நிற்கவில்லை.

4

ஐப்பசியில் கர்நாடகப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. இங்கே வெறும் தூறல். ஆற்றின் மேல்பக்கம் வைத்திருந்த மற்ற மானிகளின் சேதியைக் கேட்டு ஜீப் மறுபடி வந்தது. ஒருவரும் அசையவில்லை. நம்பியவள் நாராயணம்மா ஒருத்திதான். மிஷின் பொய் சொன்னதே இல்லை என்று அவளுக்குத்தானே தெரியும்.

ஆற்றுக்கு முதல் வீடு பாப்பம்மாவுடையது. ஓடினாள்.

“நான் வரலக்கா. ஒருக்கா மானம் போனது போதும்,” என்றாள் பாப்பம்மா, கைக்குழந்தையோடு வாசலில் நின்று.

உண்மையைச் சொன்னால் பாப்பம்மா பிழைப்பாள். பிழைத்து, ஆயுசுக்கும் ஜெயிப்பாள்.

5

முதல் முடிவு: சொல்கிறாள், அழுகிறாள், கட்டிக்கொள்கிறார்கள். கிழித்துவிட்டேன், நாராயணம்மா அப்படி அழுகிறவள் அல்ல. இரண்டாவது: வாயே திறக்காமல் தன் மூட்டையோடு மேடேறிவிடுகிறாள். எழுதக் கை வரவில்லை. ஆனால் போகக்கூடியவள்தான்.

அதனால் அவளை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன்.

“என்னக்கா, சொல்ல வந்தத சொல்லு. புள்ள தூங்கணும்.”

நீங்களாவது சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பாப்பம்மா கதவைச் சாத்தப் போகிறாள்.