காலிக் கட்டம்

நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். கரும்பு வெட்டிய கூலியில் தெய்வசிகாமணி மேஸ்திரி எனக்குத் தரவேண்டிய பாக்கி. கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்தாலே என் வீட்டுக்குள் ஒழுகத் தொடங்கிவிடும். மழைக்கு முன்னால் கூரைக்குத் தகரம் போட்டாக வேண்டும். அதற்கு இந்தப் பணத்தை விட்டால் வேறு வழியில்லை.

நேரில் கேட்டால் மேஸ்திரி பைக்கைக் கிளப்பிவிடுவார். அதனால் போனில் எழுதிக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுத்து நான் நாற்பது வயதுக்கு மேல் கற்றது. ‘மேஸ்திரி கூலி’ என்று முடிப்பதற்குள், நாளெல்லாம் அரிவாள் பிடித்த விரல் மக்கர் பண்ணியது. கும்பிடுகிற கைப்படம் ஒன்று போனில் இருந்தது. அதை ஆறு தடவை அழுத்தி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் கச்சிராயபாளையம் டீக்கடையில் மேஸ்திரி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ் வீரமுத்து! உனுக்கு நான் இன்னாயா துரோகம் பண்ணேன்?”

“கூலிதான மேஸ்திரி கேட்டேன்?”

“கூலியா? என் ஜாதகத்த இல்ல அனுப்பிக்கிற!”

அவருடைய பட்டன் போனை நீட்டினார். ‘மேஸ்திரி கூலி’ இருந்தது. கும்பிடு ஒன்றையும் காணோம். அந்த இடத்தில் காலிக் கட்டங்கள் வரிசையாக நின்றன.

“பன்னெண்டு கட்டம்யா! ராசிக் கட்டமும் பன்னெண்டு. ஒண்ணுலயாவது கிரகம் இருக்குதா? சனி கூட இல்ல. சனி கூட சீண்டாத மனுசன் எப்பிடியா உசுரோட இருப்பான்?”

“ஆறுதான மேஸ்திரி அனுப்புனேன்.”

“அப்ப மீதி ஆறு குட்டி போட்டுச்சா? விடிஞ்சதும் ஜோசியருகிட்ட ஓடினேன். போனத் தலைகீழா திருப்பிப் பாத்துட்டு, இவ்ளோ சுத்தமான ஜாதகத்த நான் பாத்ததே இல்லன்ட்டாரு. அதுக்கு முந்நூத்தம்பது! மொதல்ல கிரகத்தயெல்லாம் அனுப்பு. அப்பால கூலி.”

கிரகத்துக்கு நான் எங்கே போவேன்? அவரை எதிரே இருந்த செல்போன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் சங்கவி இரண்டு போனையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“மேஸ்திரி, போன் படத்த அனுப்பாதுங்க. எழுத்து, படம் எல்லாத்துக்கும் ஒரு நம்பர் இருக்குது, நம்பரத்தான் அனுப்பும். கும்புடுக்கு நம்பர் பெருசு. உங்க பழைய போன் அத ரெண்டா ஒடைச்சிப் படிக்குது. ரெண்டுக்கும் அதுகிட்ட படம் இல்ல. தெரியலன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கினு ரெண்டு காலிக் கட்டம் போட்டுட்டுது.”

“அப்ப இது ஜாதகம் இல்லியா?”

“அண்ணன் ஆறு கும்புடு போட்டிருக்காரு.”

என் போனை வாங்கிப் பார்த்தார் மேஸ்திரி. விரல் வைத்து எண்ணினார்.

“ஆறா? எனக்கா?” குரல் இறங்கிவிட்டது. “கல்யாணத்தன்னிக்குக் கூட எவனும் ஒண்ணுக்கு மேல போட்டதில்லயா.”

போனை டீக்கடைக்கு எடுத்துப் போய் ஒவ்வொருவருக்கும் காட்டிவிட்டு வந்தார். அதே வேகத்தில் சட்டைப்பையில் கைவிட்டு நோட்டுகளை என்னிடம் நீட்டினார். நாலாயிரம்.

“ஜோசியருக்குக் குடுத்தத கழிச்சிக்கினேன்.”

“அவரு உங்க ஜாதகத்ததான மேஸ்திரி பாத்தாரு?”

“அனுப்புனது யாரு?”

நோட்டுகளை எண்ணி மடியில் செருகினேன். நாலாயிரத்துக்குத் தகரம் வந்துவிடும். முந்நூற்றைம்பதைத் தள்ளுபடி செய்து, பாக்கி தீர்ந்தது என்று சொல்லிவிட்டேன்.