சபீஹாவின் நெஞ்சில் முளைத்த பல்

ஜூஜுவாடியில் நெடுஞ்சாலை ஓரமாக லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார் நசீருதீன். 1989ஆம் வருட மழைக்காலத்தில் அவர் மனைவி சபீஹாவைப் பிடித்த இருமல், வெயில் காலம் வந்தும் விடவில்லை. காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலில் மூன்று உருண்டைகள் கோலிக்குண்டு போல வெள்ளையாகத் தெரிந்தன.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அவள் முகத்தையே பார்த்தார். இடது தாடை சற்று உள்வாங்கியிருந்தது. "இங்க என்ன ஆபரேஷன்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கட்டி, சார். எலும்போட எடுத்துட்டாங்க. புத்து நோய் இல்லேன்னுதான் சொன்னாங்க" என்றாள் சபீஹா.

நெஞ்சில் ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். அந்த வாரம் முழுக்க நசீருதீன் பஞ்சர் ஒட்டிய டயரையே மறுபடி கழற்றினார்.

முடிவு வந்த அன்று டாக்டர் உட்காரச் சொன்னார். "அதே தாடைக் கட்டிதாம்மா. பல்லு உண்டாக்குற செல்லுல இருந்து வர்றது. ரத்தத்தோட போய் நுரையீரல்ல உட்கார்ந்திருக்கு. புத்து நோய் இல்லாத கட்டி இப்படிப் போறது ரொம்ப அபூர்வம். நான் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன்."

நசீருதீன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். சபீஹா நெஞ்சைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப என் நெஞ்சுல பல்லு மொளைக்குதா, சார்?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பல்லு மொளைக்காதும்மா. ஆனா மெதுவாத்தான் வளருது. மூணும் ஒரே பக்கம் இருக்கு. வெட்டி எடுத்துடலாம்."

எடுத்தார்கள். விலா ஓரம் நீளமாகத் தையல். மூச்சுப் பயிற்சிக்கு பலூன் ஊதச் சொன்னாள் நர்ஸ் கிருபாராணி. முதல் நாள் பலூன் எலுமிச்சம்பழம் அளவுக்குக்கூட உப்பவில்லை. வலியில் சபீஹாவின் கண்ணில் நீர் முட்டியது. வீட்டுக்குப் போகும் நாளில் வார்டுக் கட்டில் ஒவ்வொன்றிலும் அவள் ஊதிய பலூன் ஒன்று கட்டியிருந்தது. "இது ஆஸ்பத்திரியா, பொருட்காட்சியா?" என்று கிருபாராணி பொய்க்கோபம் காட்டினாள்.

அடுத்த வருடம் எடுத்த படத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. "வருஷா வருஷம் வந்து காட்டணும். கட்டி திரும்ப வந்தாலும் பார்த்துக்கலாம்" என்றார் டாக்டர்.

அந்த வெள்ளிக்கிழமை கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு இருவரும் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினார்கள். மலைமேல் இருக்கும் தர்காவுக்கு நேர்ந்திருந்தார் நசீருதீன். பாதி வழியில் அவருக்கே மூச்சு வாங்கியது. நாலு படி மேலே, காற்றில் முக்காடு படபடக்க, இடுப்பில் கைவைத்து நின்றாள் சபீஹா.

"ஏங்க, நுரையீரலை அறுத்தது எனக்கா, உங்களுக்கா?"

பாறையில் உட்கார்ந்து சிரித்தார் நசீருதீன். அவள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. மேலே ஏறிக்கொண்டே இருந்தாள்.