பேர்ல் ஒயிட்

காரில் பெயின்ட் தூசி படிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறவன் வேலைக்குப் புதியவன். நான் விரல்களில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு ஈரமான பானட்டைத் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்கே தெரியாத பொட்டெல்லாம் ரவை மாதிரி நெருடும். கார் பாலிஷ் போடுகிற ஷெட்டில் பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. தேய்த்தால் முகம் தெரியும் என்பதால் ஷெட்டில் எனக்குப் பேர் 'கண்ணாடி'. "இவன் வண்டியத்தான் பாப்பான், வண்டில வந்தவனப் பாக்க மாட்டான்" என்று முதலாளி கிண்டல் செய்வார். அதில் எனக்குப் பெருமை வேறு. வெட்கக்கேடு.

அக்கா செத்துப்போன பதினெட்டாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். காலையில் பஸ் பிடிக்க ரோட்டைக் கடந்தவளை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர் யாருமில்லை. காரின் நிறம்கூடத் தெரியவில்லை. வீட்டில் அம்மாவுக்கு ஒரே பேச்சுதான்.

"எவன்னு மட்டும் தெரிஞ்சா போதும்டா. நான் அவன ஒண்ணும் பண்ண மாட்டேன். மூஞ்சிய ஒரு தடவை பாக்கணும், அவ்வளவுதான்."

நாளைக்கு நாற்பது தடவை சொல்வாள். அதைக் கேட்க மாட்டாமல்தான் ஷெட்டுக்கு ஓடிவந்தேன்.

அந்த வாரமே ஒரு வெள்ளைக் கார் வந்தது.

"பக்கத்து வீட்ல கேட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சாங்க. காத்துல பறந்து வந்து வண்டி மேல ஒட்டிக்கிச்சு. சுத்தமா எடுத்துருவீங்களா?"

"இருந்த இடம் தெரியாம ஆக்கிடலாம் சார், விட்டுட்டுப் போங்க" என்றேன், தலை நிமிராமல்.

சோப்புத் தண்ணீரைத் தெளித்து, இதற்கென்றே விற்கிற களிமண்ணைப் பிசைந்து தட்டையாக்கி, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுத்தேன். முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும். அது அடங்கிக் கை வழுக்க ஆரம்பித்தால் அந்த இடம் சுத்தம். களிமண்ணை அடிக்கடி மடித்துப் புதுப்பக்கம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த தூசியே கீறிவிடும். கண்ணாடியில் இருந்ததை பிளேடால் சுரண்டினேன். இடது முன்கதவு ரப்பரில்தான் நிறைய. காது குடைகிற பஞ்சுக்குச்சியை வைத்து உள்மடிப்பு வரைக்கும் போனேன். பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்த பொடி வெயிலில் மினுமினுத்தது. அட, அழகாயிருக்கிறதே என்று நினைத்தேன். அன்றைக்கு முழுக்க அக்கா ஞாபகம் வரவில்லை. அதற்காக அந்தக் காருக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

சாயங்காலம் அந்த ஆள் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ரொம்ப தேங்க்ஸ்ணே. புது வண்டி மாதிரி ஆக்கிட்டீங்க."

இரண்டு மாதம் கழித்து ஒரு போலீஸ்காரர் ஷெட் ஷெட்டாக விசாரித்துக்கொண்டு வந்தார். அக்காவின் கைப்பை ஜிப்பில் சிக்கியிருந்த பெயின்ட் சில்லை லேபில் பார்த்துவிட்டார்களாம்.

"பேர்ல் ஒயிட். இடது பக்கம் முன்னாடி அடிபட்டிருக்கணும். டிங்கர் வேலை பாத்து பெயின்ட் அடிக்கன்னு ஏதாச்சும் வந்துச்சா?"

"இங்க பாலிஷ் மட்டும்தான் சார். பெயின்ட் அடிக்கிறதில்ல."

தலையாட்டிவிட்டு வெளியே போனார். நான் அடுத்த வண்டிக்காகக் கவரை விரலில் மாட்டினேன். அப்போதுதான் பொறி தட்டியது.

எந்தக் கூறுகெட்டவன் இரும்புக் கேட்டுக்கு, காருக்கு அடிக்கிற மினுமினுக்கும் பேர்ல் பெயின்ட்டை அடிப்பான்? மூடின கதவுக்குள் புகுந்து ரப்பர் மடிப்பில் உட்காருகிற காற்று எந்த ஊரில் வீசுகிறது? அது பக்கத்து வீட்டுத் தூசியே இல்லை. அந்தக் காருக்கே, அவசர அவசரமாக, கதவைத் திறந்து போட்டு, மற்ற இடத்தை மறைக்கப் பேப்பர்கூட ஒட்டாமல் எவனோ அடித்த பெயின்ட்டின் தூசி. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே எவனுக்கும் தெரிகிற விஷயம். மற்ற நாளாக இருந்தால் "எங்க சார் இடிச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருப்பேன். அன்றைக்கு எனக்குத் தேய்க்க ஏதாவது வேண்டியிருந்தது. தேய்த்தேன்.

தெருமுனையில் போலீஸ்காரரை ஓடிப் பிடித்தேன். மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன்.

"நம்பர்?"

"பாக்கல சார்."

"ஷெட்ல கேமரா?"

"ஒரு மாசத்துல அழிஞ்சுரும்."

"சரி, ஆள் எப்படி? கை குடுத்தான்ங்கிறீங்க. வயசு? மீசை இருந்துச்சா?"

அந்தக் காரின் ஒவ்வொரு இடுக்கும் எனக்கு மனப்பாடம். பின்கதவில் நகக்கீறல் ஒன்று, வைப்பர் அடியில் காய்ந்த இலை ஒன்று. எதிரே நின்று பேசியவனுக்கு முகமே இல்லை.

"இந்த ஊர்ல பேர்ல் ஒயிட் வண்டி ஆயிரம் ஓடுது" என்றார் அவர். "அந்தத் தூசி கெடந்திருந்தா, அத வெச்சாவது தேடிருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அழுவாள், அடிப்பாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ அவனப் பாத்தியா?"

"முன்னாடிதாம்மா நின்னான். பாக்கல."

பொறுக்கி வைத்திருந்த கல்லையெல்லாம் உள்ளங்கையில் கூட்டினாள். அப்புறம் என்னிடம் ஏதோ உதவி கேட்கிறவள் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அந்தத் தூசியத் திரும்ப ஒட்ட வெக்க முடியாதாடா? உனக்குத்தான் இந்த வேலை நல்லா வருமே."

"முடியாதும்மா."

"ஒரு தடவை செஞ்சுதான் பாரேன்" என்றாள்.