மேல் அடுக்கில் கையெழுத்து

முதலாளியின் மருமகன் மேனேஜராக வந்ததிலிருந்து திங்கட்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல்தான். எங்கள் சட்டைக் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் அறையின் வெள்ளைப் பலகையில் ஓர் ஆங்கிலச் சொலவடையை எழுதி, கீழே தமிழில் விளக்கமும் எழுதுவார். ஒரு வாரம் ‘டிப் யுவர் டோ’: கால் விரலை நனைத்துப் பாருங்கள். மறு வாரம் ‘டேக் தி ப்ளஞ்ச்’: துணிந்து குதியுங்கள். குதிப்பது நாங்கள், கரையில் நிற்பது அவர்.

அந்தத் திங்கள் ‘கிவ் இட் எ ஷாட்’: சும்மா முயன்று பாருங்கள். எப்போதும் இருபது அடுக்குத் துணியை வெட்டும் என் மேசையில் அறுபது அடுக்கை ஏற்றச் சொன்னார்.

“பிளேடு வளையும். அடியில இருக்கற சட்டைக்கெல்லாம் அளவு மாறிடும்,” என்றேன்.

“பத்தொன்பது வருஷமா இதே பாட்டுதானா? சும்மா ட்ரை பண்ணிப் பாருங்கக்கா.”

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. மேல் அடுக்கில் சாக்பீஸால் கையெழுத்து விழுந்த பிறகுதான் மெஷின் ஓடும். துணி கெட்டால் கையெழுத்துப் போட்டவர் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். என் ஒருத்தி சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. சாக்பீஸை அவரிடமே நீட்டினேன்.

“நீங்க போடுங்க. இப்பவே வெட்டறேன்.”

அவர் முகம் சுண்டிப்போனது. சாக்பீஸைத் தொடவில்லை.

“நாளையிலேருந்து பட்டன் தைக்கப் போங்க. அதையும் ட்ரை பண்ணிப் பாருங்க,” என்றார், எல்லார் காதிலும் விழும்படி. போனேன்.

மறுநாள் அறுபது அடுக்கும் மேசையில் ஏறின. மற்ற இரண்டு கட்டர்களும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். மதியம் முதலாளி வந்தார். அறை ஓரத்துப் பட்டன் பெஞ்சிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது.

“மணி பன்னெண்டாச்சு, ஏன் இன்னும் வெட்டல? யாரோட யோசனை இது?”

எல்லார் கண்ணும் மருமகன் மேல் இருந்தது.

“அப்ப நீங்களே கையெழுத்துப் போடுங்க மாப்பிள்ளை,” என்று முதலாளி சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு நேராக என் பெஞ்சுக்கு வந்தார்.

“அக்கா, இருபது அடுக்காவே வெட்டிக் குடுத்துடுங்க,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் பட்டனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முதல்ல போய் பலகையை அழிச்சிட்டு வாங்க,” என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.