நான்காவது புள்ளி

எங்கள் ஊரையே காட்சிக்கு வைக்கலாம் என்று சொன்னது நான்தான். பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களை உள்ளே விடும் நாள் அது. புவித்தகவல் துறையில் நான் தற்காலிக விரிவுரையாளர். குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திக் காட்டினால் ஜனங்களுக்குப் புரியும் என்றேன். துறைத் தலைவர் அடைக்கலராஜ் சாருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் என் வேலை ஒப்பந்தம் அவர் கையெழுத்துக்குப் போக வேண்டியிருந்தது.

பழைய வரைபடத்தைப் புதிய படத்தோடு பொருத்த, இரண்டிலும் மாறாமல் இருக்கும் இடங்கள் வேண்டும். நான்கு எடுத்தேன். மாதா கோயில், குளத்தின் மூலை, தர்கா, ஆற்றங்கரை மதகு. கணினி பிழையைக் கொஞ்சம் அதிகமாகத்தான் காட்டியது. துணியில் ஒட்டிய வரைபடம், சுருங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் எப்போதோ தூர்ந்து, எங்கே ஓடியது என்றே தெரியாமல் போன வாய்க்கால் ஒன்று உண்டு. அதைச் சிவப்பில் வரைந்தேன். திரையில் சிவப்புதான் எடுப்பாகத் தெரியும்.

ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். முன் இருக்கையில் துரைராசு அண்ணன். கடைமடையில் அவருக்கு நான்கு ஏக்கர். மூன்று வருஷமாகத் தண்ணீர் எட்டிப்பார்க்கவில்லை. காணாமல் போன வாய்க்காலைக் கண்டுபிடித்து வெட்டித் தரச் சொல்லி அவர் எழுதாத அதிகாரி இல்லை. பின் இருக்கையில் அம்சம் அக்கா. அவள் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வெல்டர். போன வருஷம்தான் மாடி போட்டார்கள். நான்தான் கூப்பிட்டிருந்தேன். உங்க வீட்டை வானத்துல இருந்து பாக்கலாம் வாங்கக்கா என்று.

திரையில் ஊர் விரிந்ததும் அவளே எழுந்து போய் விரல் வைத்தாள்.

"இதாங்க நம்ம வீடு. அந்த நீலப் புள்ளி எங்க தண்ணித் தொட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த படத்தைப் போட்டேன். சிவப்புக் கோடு ஆற்றிலிருந்து இறங்கி, நீலப் புள்ளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று.

துரைராசு அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அந்தச் செவப்பு என்ன ரோஸ்லினு?"

"பழைய வாய்க்கால்ண்ணே."

"மூணு வருசமா தேடுறேன். இவ கூடத்துக்கு அடியில படுத்துக் கெடக்குதா?"

யாரோ பின்னாலிருந்து, "ஷார்ஜாக்காரன் வீடு தண்ணி மேல மெதக்குதுய்யா" என்றார்கள். இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

அம்சம் அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மதகு அங்க இல்லையே ரோஸ்லின். நான் கல்யாணமாகி வந்த வருசம் பழசை இடிச்சிட்டுக் கெழக்கால தள்ளிக் கட்டுனாங்க. இப்ப இருக்கறது புதுசு" என்றாள்.

அந்த வருஷங்களில் நான் திருச்சியில் விடுதியில் இருந்தேன். துரைராசு அண்ணன் மலேசியாவில். ஊரைவிட்டுப் போனவர்கள் இருவருக்கும் தெரியாதது, ஊருக்குள் வந்தவளுக்குத் தெரிந்திருந்தது. பழைய வரைபடத்தின் மதகை இன்றைய புது மதகின் மேல் பொருத்தியிருந்தேன். நான்காவது புள்ளி தப்பு. அது தப்பென்றால் மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் எல்லாமே தப்பு.

"வீட்டைக் காப்பாத்த மதகையே நகத்துறியா நீ?" என்றார் துரைராசு அண்ணன். பிறகு என்னிடம், "படிச்சவ நீ சொல்லு. இது சரியா தப்பா?"

அந்த நேரம் பார்த்து துணைவேந்தர் உள்ளே வந்தார். அடைக்கலராஜ் சார் என்னைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து நின்றேன்.

"சரிபாக்கணும்ண்ணே. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்."

இந்த வாக்கியத்தைப் பல முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை. அப்படித்தான் அதைச் செய்துவைத்திருந்தேன்.

அவர் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்தார். இன்னும் நாலைந்து பேர் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் வேன் கிளம்பிவிட்டது. அம்சம் அக்காவும் அதே வேனில்தான் திரும்பிப் போனாள்.

மத்தியானம் ஒரு மணிக்குள் அந்தப் புள்ளியை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டேன். சிவப்புக் கோடு பதினெட்டு மீட்டர் மேற்கே நகர்ந்து, ஊராட்சி போட்ட சிமென்ட் சாலையின் மேல் போய்ப் படுத்தது. அவர்கள் எல்லோரும் தினமும் நடக்கும் சாலை. சாரிடம் காட்டினேன்.

"கூட்டம் முடியட்டும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

துரைராசு அண்ணனுக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அம்சம் அக்காவின் எண்ணும் இருந்தது. அவளைக் கூப்பிட்டால் தெரிந்தே பேசாமல் இருந்தேன் என்று சொல்ல வேண்டிவரும். அதனால் கூப்பிடவில்லை. காட்சி வைத்தவர்களுக்கு மூன்று மணிவரை சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டினேன். அதன்பிறகுதான் புது வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊரில் இறங்கும்போது வெயில் இன்னும் சாயவில்லை. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. செங்கல்லில் இரும்பு படும் சத்தம், நிதானமாக, வேலை நடப்பதுபோல.

அம்சம் அக்கா வீட்டுக்கு முன்பக்கச் சுவர் இல்லை. நீலத் தொட்டி தெருவில் பிளந்து கிடந்தது. வாசல்நிலை மட்டும் தனியாக நின்றது. அதைப் பிடித்தபடி அம்சம் அக்கா. கையில் கருக்கரிவாள். அவள் முகத்தின் ஒரு பாதி வீங்கி, கண் மூடியிருந்தது. உதட்டிலிருந்து ரத்தம் ஜாக்கெட்டில் வடிந்திருந்தது. யாரோ மண்வெட்டிப் பிடியால் அடித்திருக்கிறார்கள். படியில் ஒருவன் துண்டால் முன்கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துண்டு முழுக்கச் சிவந்திருந்தது. அவள் வெட்டியது.

உள்ளே கூடத்தில் டைல்ஸைப் பெயர்த்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். துரைராசு அண்ணன் மார்பளவுக்கு உள்ளே நின்றார்.

"நிறுத்துங்கண்ணே. மேப் தப்பு" என்றேன். வரைபடத்தை விரித்துப் பிடித்தேன்.

அவர் நிமிர்ந்தார். வியர்வையில் மண் அப்பியிருந்தது. "காலையில அவ்வளவு பெரிய திரையில காட்டுனியே."

"அது தப்பு. மதகு புதுசு. அக்கா சொன்னதுதான் சரி."

"இன்னும் ரெண்டடி வெட்டுனா மணல் வந்துடும்" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. மறுபடி குனிந்து வெட்டினார். மற்றவர்களும் நிறுத்தவில்லை. சமையலறையில் ஒருவன் மேடையை உடைத்துக்கொண்டிருந்தான். அங்கே வாய்க்கால் வர வாய்ப்பே இல்லை, என் தப்பான கோட்டின்படிகூட. அவன் முகத்தில் கோபம் இல்லை. மூன்று வருஷமாகக் கையில் தேங்கி நின்ற ஏதோ ஒன்று வழி கிடைத்து ஓடுவது போல இருந்தது.

மணல் வரவில்லை. மண்வெட்டி போன ஆழம் வரைக்கும் மஞ்சள் களி, கெட்டியாக, தண்ணீர் ஒருபோதும் தொடாத மண். துரைராசு அண்ணன் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்தார். விவசாயிக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மண்வெட்டியைக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டார். சமையலறைச் சத்தமும் நின்றது.

அம்சம் அக்கா என்னைப் பார்த்தாள். பேசும்போது வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பஸ்ஸில் வரும்போதே இதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். மத்தியானம் கணக்குப் போட்டபோது என்று. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்ததும் அது வரவில்லை.

"நீங்க மதகைச் சொன்னப்பவே தெரியும்க்கா."

குழியைச் சுற்றி நின்றவர்கள் மெல்ல என் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். அப்பாடா என்பதுபோல. "அப்ப இவதானா" என்றான் கையில் துண்டு சுற்றியவன்.

"கோடு அவ போட்டா" என்றாள் அம்சம் அக்கா. "கடப்பாரை அவ கையிலயா இருந்துச்சு?"

அரிவாளை நிலைப்படியில் வைத்தாள். சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்தாள். என்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்தேன், நகராமல் நின்றேன். அவள் என்னைத் தாண்டிக் குழிப்பக்கம் போனாள். துரைராசு அண்ணன் மேலே ஏற இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றியிருந்தார். "அம்சம், நான் கட்டித் தந்துடறேன்" என்றார்.

ஓடிப்போய் அவள் தோளைப் பிடிக்க நான் நான்கு எட்டு வைத்தால் போதும். பிடிக்கவில்லை. பயத்தால் இல்லை. அவள் அடிக்க வேண்டும் என்று என் உடம்பு முழுக்கக் கேட்டது. அவள் அடித்துவிட்டால் இந்த வீட்டில் நடந்ததில் என் தப்பு சின்னதாகிவிடும், கூட்டத்தில் ஒன்றாகிவிடும்.

கடப்பாரை அவருடைய வலது கைவிரல்கள் மேல் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம், அதற்குப் பிறகுதான் அவர் அலறல்.

அந்த ஒரு நொடி எனக்கு மூச்சு லேசாக வந்தது. பிறகு போலீசில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், மதகை, புள்ளியை, நான் பேசாமல் இருந்ததை. அந்த மூச்சை மட்டும் எழுதவில்லை.