இன்னும் ஆறே நாள்

எங்கள் மையத்தின் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. இங்கே பயிற்சி முடித்து வேலைக்குப் போனவர்கள், தொண்ணூறு நாள் அந்த வேலையில் தாக்குப்பிடித்துவிட்டால், வந்து அதை அடிக்க வேண்டும். எல்லோரும் கைதட்டுவோம். இனிப்பு ரொட்டி கொடுப்போம். அவர் படத்தைச் சுவரில் ஒட்டுவோம். மணி கட்டலாம் என்ற யோசனை என்னுடையதுதான். அதைக் கழற்றித் தூர எறியும் உரிமையும் எனக்குத்தான் என்று தினமும் நினைக்கிறேன். இன்னும் எறியவில்லை.

என் பேர் ஹெர்லிண்டா. யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆப்பிள் பறித்தும், ஆப்பிள் தரம் பிரித்தும் பத்தொன்பது வருஷம் முதுகை உடைத்துக்கொண்டவள். இப்போது வேலைவாய்ப்பு அலுவலர். பேர் பெரிசு. எங்களிடம் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டக் கற்றவர்களைக் கிடங்குகளில் சேர்த்துவிடுவதும், சேர்த்த பிறகு தொண்ணூறு நாள் அவர்களைப் போனில் துரத்துவதும்தான் வேலை. எங்கள் சனங்கள் இந்த ஊரின் ஆப்பிள் எல்லாவற்றையும் கையால் தொட்டவர்கள், ஆனால் வண்டிச் சாவி மட்டும் அவர்கள் கைக்கு வராது. சாவி கைக்கு வந்தால் சம்பளம் ஏறும், தோள்பட்டை தப்பிக்கும். அதற்காகத்தான் இந்த வகுப்பு.

செலவைக் கொடுப்பது சியாட்டிலில் இருக்கும் ஓர் அறக்கட்டளை. நல்லவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, நாங்கள் அவிக்கும் சோளமாவுத் தமாலே சாப்பிட்டு, சுவரிலுள்ள படங்களைப் பார்த்து, கண் கலங்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. பன்னிரண்டு பேர் பயிற்சி முடித்தால் ஒன்பது பேராவது, சேர்ந்த அதே இடத்தில், தொண்ணூறாவது நாளும் வேலையில் இருக்க வேண்டும். எட்டாகிவிட்டால் அடுத்த வருஷம் வகுப்பு கிடையாது. இடையில் வேறு கிடங்குக்கு மாறினாலும் செல்லாது.

போன குளிர்காலத்துக் குழுவில் மூன்று பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். ஒருவன் அம்மா சாவுக்குச் சொந்த ஊர் மிச்சோவகான் போனவன் திரும்பவில்லை. ஒருத்தி கர்ப்பமானாள். இன்னொருவன் மேஸ்திரியோடு சண்டை போட்டு இரண்டாவது வாரமே சாவியை அவர் முகத்தில் எறிந்துவிட்டு வந்தான். மிச்சம் ஒன்பது. அந்த ஒன்பதில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் நிக்கோலாசா பாரகான். மற்ற எட்டுப் பேரும் மணி அடித்தாகிவிட்டது.

நிக்கோலாசா எனக்கு யார் என்று சொல்லியாக வேண்டும். தரம் பிரிக்கும் வரிசையில் பதினோரு வருஷம் என் பக்கத்தில் நின்றவள். அவள் மகள் நொயெமிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய், எங்கள் பேச்சில் மத்ரீனா, நான். எங்கள் வழக்கத்தில் அதற்குப் பிறகு இரண்டு பெண்கள் வெறும் சிநேகிதிகள் இல்லை, கோமாத்ரே. அதுவரை வா போ என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து வாங்க போங்க ஆகிவிட்டோம். கோமாத்ரே என்று அழைத்து ஒன்று கேட்டால் மறுக்கக் கூடாது. அதனாலேயே யாரும் லேசில் அப்படி அழைத்து எதையும் கேட்பதில்லை. பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வகுப்பில் அவளைப் போலச் சிரிக்கவைத்தவர்கள் கிடையாது. பயிற்சி வண்டிக்கு மாமனார் என்று பேர் வைத்தாள். சத்தம் போட்டால்தான் நகர்கிறார், நகர்ந்தாலும் முனகிக்கொண்டேதான் நகர்கிறார் என்பாள். பேர் ஒட்டிக்கொண்டது. ஆசிரியரே, மாமனாருக்கு எண்ணெய் ஊற்றியாச்சா என்று கேட்க ஆரம்பித்தார். எங்கள் கிடங்குகளில் ஓடுவது நின்றுகொண்டே ஓட்டும் வண்டி. பின்பக்கம் கதவு இருக்காது. எழுத்துத் தேர்வில் நாலாவது கேள்வி, வண்டி நிற்காமல் போனால் காலை வெளியே ஊன்றி நிறுத்தலாமா என்பது. இல்லை என்று எழுதிவிட்டு, நான் என்ன கழுதையா ஓட்டுகிறேன் காலை ஊன்ற என்று சத்தமாகக் கேட்டாள். நூற்றுக்கு நூறு. நாற்பத்திரண்டு வயதில், அவள் வாங்கிய முதல் சான்றிதழ் அது.

அவளுக்கு ஆசை ஒன்றுதான் இருந்தது. நொயெமி பள்ளி முடித்ததும் பல் மருத்துவருக்கு உதவியாளராகும் படிப்பில் சேர வேண்டும். கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. வெள்ளைக் கோட்டு போட்டு, கதகதப்பான அறையில் உட்கார்ந்து, அடுத்தவன் வாயைப் பார்க்கிற வேலை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எண்பத்து நாலாவது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள். குரலில் சிரிப்பில்லை.

"இங்க இருக்கற மாமனார் சரியில்லீங்க, கோமாத்ரே. நிறுத்துனா நிக்க மாட்டேங்கறார். குளிரறை வாசல்ல தரையெல்லாம் ஐஸ். வண்டி அதுபாட்டுக்கு வழுக்கிட்டுப் போவுது."

மேஸ்திரியிடம் சொன்னாயிற்றா என்று கேட்டேன். மூன்று தடவை சொன்னாளாம். மெக்கானிக் வியாழக்கிழமை வருவான் என்று மூன்று வியாழக்கிழமையாகச் சொல்கிறார்களாம். பயமாக இருந்தால் பழையபடி பழம் பொறுக்கப் போ என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொன்னானாம். இன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு வரப்போகிறேன், வேறு கிடங்கு பார்த்துக் கொடுங்கள் என்றாள்.

அந்த நிமிஷம் என் மேஜை மேல் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த குழுவில் சேரக் காத்திருந்த பதினாறு பேரின் பட்டியல். எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள். அவர்கள் வேலை மட்டுமில்லை, என் வேலையும் அந்த ஒன்பதாவது ஆளில்தான் தொங்கியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பப் போய் ஆப்பிள் வரிசையில் நிற்க என் முதுகு இடம் கொடுக்காது.

அலுவலகப் போனில் நான் அவளை எப்போதும் முறைப்படி சென்யோரா பாரகான் என்றுதான் கூப்பிடுவேன், நாலு பேர் காதில் விழும் என்று. அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை.

"கோமாத்ரே, இன்னும் ஆறே நாள். எனக்காகப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. ஏழாவது நாள் நானே வந்து உங்கள வேற எடத்துல சேத்துவிடறேன்."

பின்னால் கிடங்கின் மின்விசிறி இரையும் சத்தம் கேட்டது.

"நீங்க கேட்டா அப்பறம் என்ன," என்றாள். "மணிய நல்லாத் தொடச்சு வைங்க."

நான் சந்தோஷப்பட்டேன். அதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. போனை வைத்ததும் எழுந்து போய்க் காபி ஊற்றிக்கொண்டு, எங்கள் இயக்குநர் அன்செல்மோவிடம், ஒன்பதும் தேறிவிடும் என்று சொன்னேன். அந்தக் கிடங்குக்கு ஒரு போன் போட்டு வண்டியை ஓரம்கட்டச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதும் பொய். கிடங்குக்காரர்களை முறைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் எங்கள் ஆட்களை எடுக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

எண்பத்தெட்டாவது நாள், காலை பத்தரை மணிக்கு, நிறைபாரத்தோடு குளிரறையிலிருந்து வெளியே வந்தபோது பிரேக் பிடிக்கவில்லை. வாசலில் ஒரு பையன் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். வண்டியை அவன் பக்கம் விடாமல் இரும்புத் தூண் பக்கம் திருப்பியிருக்கிறாள். திருப்பியபோது இடது கால் தானாகவே வெளியே போய் ஊன்றியிருக்கிறது. யார் கால்தான் போகாது? வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் அது நசுங்கியது. அன்று சாயங்காலமே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நொயெமி ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் ஒற்றை ஷூவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், எப்போதும் போல. நிக்கோலாசா மருந்து மயக்கத்தில் கண்ணைத் திறந்தாள்.

"ஆறு நாளுன்னீங்க, கோமாத்ரே. எனக்கு நாலுதான் முடிஞ்சுது. மிச்ச ரெண்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

குத்திக்காட்டினாளா, நிஜமாகவே கவலைப்பட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் போர்வை நுனியைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க வந்தவள், சூப் ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மிச்ச இரண்டு நாளைக்கு வழி அன்செல்மோ கண்டுபிடித்தார். கெட்டவரில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுத மனுஷன். கிடங்குக்குப் போன் செய்து, அவள் பேர் இன்னும் சம்பளப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். இருந்தது. வேலையில் இருக்கிறாரா என்றுதான் படிவம் கேட்கிறது, நடக்கிறாரா என்று கேட்கவில்லை என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். தொண்ணூறாவது நாள் காலையில் அந்தக் கட்டத்தில் நான் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பேனா நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை.

தொண்ணூற்றேழாவது நாள் கிடங்கிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. விபத்துக்குக் காரணம் பிரேக் இல்லையாம். காலை வெளியே நீட்டியது முறையான பயிற்சிக்கு மாறானதாம். அதனால் வேலை இல்லையாம். அவளுக்கு முறையான பயிற்சி கிடைத்திருந்ததற்கு ஆதாரமாக நாங்கள் கொடுத்த சான்றிதழின் நகலையும், நாலாவது கேள்விக்கு அவள் எழுதியிருந்த பதிலையும் இணைத்திருந்தார்கள். அந்த விடைத்தாளைக் கிடங்குக்கு அனுப்பி வைத்ததும் நான்தான், வேலைக்குச் சேர்க்கும்போது. பாருங்கள், எவ்வளவு கெட்டிக்காரி என்று காட்டுவதற்காக.

மே மாதம் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டில் ஒன்பது, வாழ்த்துகள், அடுத்த வருஷமும் உண்டு. அலுவலகத்தில் யாரும் கைதட்டவில்லை. அறக்கட்டளைக்காரர்கள் சுவருக்கு ஒன்பதாவது படம் கேட்டார்கள். வகுப்பில் மாமனார் மேல் நின்று அவள் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தை அன்செல்மோ அனுப்பினார். இரண்டு காலும் தெரிகிற படம்.

அவள் வீட்டுக்கு நான் வாராவாரம் போனேன். சோளமாவு, பீன்ஸ், கோழி எல்லாம் வாங்கிப் போவேன். வாசலில் வைத்துவிட்டுப் போகும்படி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தலைவலி எப்படி இருக்கிறது, மழை எப்படி என்றெல்லாம் கேட்பாள். அந்த ஆறு நாளைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. திட்டு வாங்காமல் திரும்புவது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஜூன் கடைசியில் புதுக் குழுவுக்குச் சேர்க்கை. காலையிலிருந்தே வாசல் வரை வரிசை. ஒவ்வொருவராக உட்காரவைத்துப் படிவம் எழுதினேன். பத்துப் பேர் எழுந்து போனதும் எதிரில் வந்து உட்கார்ந்தவள் நொயெமி. வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். போனிலாவது சொல்லியிருக்கலாம். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்திருக்கிறாள்.

காலேஜ் என்னாயிற்று என்று கேட்டேன். இடத்தை விட்டாயிற்று என்றாள். அம்மாவுக்கு வரும் உதவித் தொகை வாடகைக்கே சரியாகிறதாம். தம்பிகள் இருவர் இருக்கிறார்கள். இந்த வேலை வேண்டாம், வேறு ஏதாவது வழி பார்க்கலாம் என்றேன். என்ன வழி என்று அவள் கேட்கவில்லை. என்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் அனுப்புனாங்க, மத்ரீனா. இந்த வகுப்புக்காக நம்ம வீட்டுல ஒரு கால் போயிருக்கு, அத வீணாக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

அம்மாவைப் போலவே சொன்னாள், சிரிக்காமல் சொல்கிற அந்தச் சிரிப்போடு. அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் காதில் விழுந்திருக்கும்.

பேர், முகவரி, பிறந்த தேதி எழுதினேன். பிறந்த தேதியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. முன் அனுபவம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். படிவத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். பேனாவை எடுத்தவள் உடனே போடவில்லை.

"எத்தன நாள் இருந்தா உங்களுக்குப் போதும், மத்ரீனா?"

கோபம் இல்லை அவள் முகத்தில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், சம்பளம் எந்தக் கிழமை வரும் என்று கேட்பது போல. நான் ஞானஸ்நானத் தொட்டிக்குமேல் பிடித்திருந்தபோது இந்தப் பெண் என் விரலை விடாமல் பிடித்திருந்தாள். இவளுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வதாகக் குருவானவர் முன்னால் வாக்குக் கொடுத்தவள் நான்.

தொண்ணூறு என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். புதுக் குழுவில் பதினோராவது ஆள். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.