புள்ளி வைத்த தாள்

பிரமிளாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதி இல்லை. டத்தோ கிராமாட் சங்க மண்டபத்தில் அவள் நடத்தும் வகுப்பில் நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருக்க, முன்வரிசையில் புஷ்பவள்ளியின் நாற்காலி மட்டும் காலி. போன வாரமும் இப்படித்தான். "காய்ச்சலா இருக்கும்லா" என்று யாரோ சொன்னார்கள். காய்ச்சலாவது ஒண்ணாவது! காரணம் என்னவாக இருக்கும் என்று பிரமிளாவின் மனசுக்குத் தெரியும்.

புஷ்பவள்ளிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். பிறை என்ற ஊரில் ஒரு பேக்டரியில் நாள் முழுக்க நின்றுகொண்டே பெட்டி அடுக்கும் வேலை. முழங்கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கும். அங்கேயே உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று காலியானது. அட்டையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கையால் எழுதிப் பெட்டியில் ஒட்டவேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் பிரமிளாவின் ஆங்கில வகுப்புக்கு வந்து சேர்ந்தார்.

பிரமிளா ஒன்றும் கெட்டவள் இல்லை. சோம்பேறி. வாரம் பூராவும் ஆபீசில் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, ஞாயிறும் சும்மா இருக்காமல் இலவசமாகச் சொல்லிக்கொடுக்க வந்ததே பெரிசு என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, பென்சிலை எங்கே வைக்கணும், எந்தப் பக்கம் இழுக்கணும், எங்கே நிறுத்தணும் என்று காட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? புள்ளி புள்ளியாக எழுத்து அச்சடித்த தாளைப் போட்டோஸ்டேட் எடுத்து நீட்டிவிடுவாள். அவர்கள் புள்ளிமேல் கோடு இழுப்பார்கள். இவள் போனை நோண்டிக்கொண்டிருப்பாள்.

புஷ்பவள்ளி இழுத்தால் கோடு பிசகாது. "கோலம் போட்ட கை, சும்மாவா?" என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

ஒருநாள் போட்டோஸ்டேட் மெஷின் கெட்டுப்போனது. வெறுந்தாளில் எழுதச் சொன்னாள். புஷ்பவள்ளி பென்சிலைப் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து என்ற எண் எங்கே தொடங்கும் என்றே அவருக்குத் தெரியவில்லை. பிரமிளாவுக்குச் சுருக்கென்றது. புள்ளி இல்லாவிட்டால் இவருக்கு ஒரு எழுத்தும் வராது என்று அன்றைக்கே புரிந்துபோயிற்று. புரிந்து என்ன செய்தாள்? தானே பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்தாள், வழக்கம்போல ஒரு நட்சத்திர ஸ்டிக்கரும் ஒட்டினாள். "இந்த வாரம் பேக்டரில டெஸ்ட். நான் ரெடியா டீச்சர்?" என்று அவர் கேட்டபோது, "ஏ ஒன் அக்கா! நீங்க பாஸ்தான்" என்று சிரித்தாள். பாவி! அந்த ஒரு பேச்சுத்தான் இப்போது அவளைப் படுத்துகிறது.

வகுப்பு முடிந்ததும் மனசு கேட்காமல் புஷ்பவள்ளி வீட்டுக்கு நடந்தாள். அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். கோப்பி கலக்கட்டா?"

"வேணாங்கா. டெஸ்ட் என்ன ஆச்சு?"

புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டார். "சூப்பர்வைசர் நோர்மா நல்ல மனுஷி. வெறும் அட்டையக் குடுத்து, தேதி எழுதுங்கன்னாங்க. நானும் திருப்பித் திருப்பிப் பாக்குறேன், புள்ளியக் காணோம். 'காக், தித்திக் மானா?'ன்னு மலாய்ல கேட்டேன். அக்கா, புள்ளி எங்கன்னு கேட்டா அவங்களுக்கு என்ன புரியும்? பக்கத்துல நின்னதுங்க எல்லாம் சிரிச்சிருச்சுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கெழம இன்னொரு தடவ எழுதச் சொல்லியிருக்காங்க. நான் எழுதப் போறதில்ல டீச்சர். நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க. இந்த மண்டையிலதான் ஒண்ணும் ஏறல."

பிரமிளாவுக்கு முகம் காந்தியது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். 'முயற்சி பண்ணுங்கக்கா' என்று ஆறுதல் சொல்லிவிட்டு நழுவிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு கணம் அப்படியும் தோன்றியது. அந்த வீங்கின முழங்காலைப் பார்த்தாள்.

"உங்க மண்டையில ஒரு கோளாறும் இல்லக்கா. நான் உங்களுக்கு எழுதவே சொல்லிக்குடுக்கல. புள்ளிமேல கோடு போட விட்டுட்டு போன் பாத்துக்கிட்டு இருந்தேன். மெஷின் கெட்டுப்போன அன்னிக்கே உங்களுக்கு எழுத வரலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பாஸ்னு சொன்னேன்."

புஷ்பவள்ளி தைல பாட்டிலை மூடினார். "தெரிஞ்சேவா?"

பிரமிளா தலையசைத்தாள்.

"நான் மக்கு, மக்குன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன் டீச்சர். என் மவகிட்டகூட சொல்லல, வெக்கம். ஒரு போன் பண்ணி இதச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

சொல்லியிருக்கலாம். பிரமிளா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் புஷ்பவள்ளி எழுந்துபோய், சுவரில் தொங்கிய காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, வெறும் பின்பக்கத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

"அஞ்சு எங்க ஆரம்பிக்கும்? சொல்லுங்க." குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

பிரமிளா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தாளில் விரலை வைத்துக் காட்டினாள். "இங்கக்கா. நேரா கீழ வாங்க. இப்ப வயிறு மாதிரி வளைங்க. நிறுத்துங்க. மேல ஒரு தொப்பி."

ஐந்து கோணலாக விழுந்தது. வயிறு பெருத்து, தொப்பி எங்கேயோ பறந்துபோயிருந்தது. பிரமிளாவின் கை பழக்க தோஷத்தில் பைக்குள் ஸ்டிக்கரைத் தேடியது.

"அதெல்லாம் வேணாம்" என்றார் புஷ்பவள்ளி, தலை நிமிராமலே. "நல்லா இருந்தா மட்டும் நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

பிரமிளா கையை வெளியே எடுத்தாள்.

"நல்லா இல்லக்கா" என்றாள். "இன்னொண்ணு எழுதுங்க."